கழுவாமல் கொடுத்த பெட்டி

மலாய் நாட்டு அவசர காலத்தில் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓடையோரத்துச் சீனரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் கீரை பயிரிடுகிறவர். புக்கிட் பெலண்டோக் போகும் செம்மண் பாதையில், எங்கள் லயத்துக்குக் கீழே, அவருக்கு ஒரு பலகை வீடும் சில பாத்திகளும் இருந்தன. காட்டோரம் குடியிருப்பவர்கள் மூலமாகக் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறது என்று, காட்டோரத்துக்காரர்களை எல்லாம் வேலி போட்ட புதுக் கம்பங்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். இவருக்கு லாபு பக்கம் ஒரு கம்பம் என்று சொன்னார்கள்.

நான் அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தேன், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வெட்டு முடிந்து வரும் வழியில் அவரிடம்தான் கீரை வாங்குவேன். அவருக்கு அரைகுறைத் தமிழ், எனக்கு அரைகுறை மலாய். ‘தவுக்கே’ என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதலாளி ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்படிக் கூப்பிட்டால் கீரையில் ஒரு பிடி கூட விழும்.

அன்றைக்கு லாரி நின்றுகொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கண்டதும் ஒரு மூங்கில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே இரண்டு முயல்கள். விற்பதற்கு வளர்த்தவற்றை முன்னாலேயே கொடுத்து முடித்துவிட்டார். இவை அவர் வீட்டுக்குள்ளேயே பிள்ளை மாதிரி வளர்ந்தவை. ஒன்று சாம்பல் நிறத்துப் பெட்டை, குட்டி போடும் வயதைத் தாண்டியது. மற்றது வெள்ளை ஆண்.

“தங்காச்சி, லாரியில இது ஏத்தாது. நீ ஜாகா பண்ணு லா, பத்திரமா. நான் திரும்பி வரும், எடுக்கும். விக்க வேணாம். கறி வேணாம்.”

“பாத்துக்கறேன் தவுக்கே. என் முருகன் மேல சத்தியம். நீங்க வர்ற வரைக்கும் ரெண்டும் உசுரோட என் வீட்டுல இருக்கும்.”

அவர் இன்னும் ஏதோ சொன்னார். பெட்டி என்றார், மூலை என்றார். லாரி உறுமிய சத்தத்தில் கடைசியாக ‘சூச்சி’ என்ற மலாய்ச் சொல் மட்டும் காதில் விழுந்தது. சூச்சி என்றால் கழுவுவது. சுத்தமாக வைத்துக்கொள் என்கிறார் போலிருக்கிறது என்று தலையாட்டினேன். லாரியில் ஏறிய பிறகும் அவர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். போய் வருகிறேன் என்கிறார் என்று நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து கூடையை இறக்கியதும் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புகைக் கொட்டகையில் ரப்பர் ஷீட் மாட்டுகிற வேலை. எப்போதும் கண் சிவந்திருக்கும்.

“நல்ல கொழுத்ததா இருக்கே. எவ்வளவுக்கு வாங்கின?”

“வாங்கல. அடைக்கலம்.”

“அடைக்கலமா? இப்ப இருக்கற இருப்புல சீனன் வீட்டுப் பொருளைக் கொண்டாந்து வச்சிருக்கேங்கற. சரி, நாளைக்கே திருப்பிக் குடுத்துரு.”

“ஆளை ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. நான் முருகன் மேல சத்தியம் பண்ணிட்டேன்.”

“சத்தியம் பண்ணறதுக்கு உனக்கு வேற சாமி கெடைக்கலையா?” என்றார். அவரும் முருகனைக் கும்பிடுகிறவர்தான். பழனிப் படத்துக்கு முன்னால் திருநீறு பூசாமல் வேலைக்குப் போக மாட்டார். முருகன் பேரில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை என்று அவருக்கும் தெரியும்.

முதலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு கூடு அடித்து அதில் விட்டேன். அதற்குள் வேலி வந்துவிட்டது. எங்கள் வீட்டின் பின்பக்கம் வேலியைப் பார்த்தபடி இருந்தது. வேலியோரம் கூடு, துணிக்கொடி, வாழைமரம் எதுவும் நிற்கக் கூடாது, காவல்காரன் கண்ணுக்கு மறைக்கும் என்று உத்தரவு. கூட்டைப் பிரித்து விறகாக்கினேன். முயல்கள் வீட்டுக்குள் வந்தன.

வீடு என்றால் முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி. சிமென்டுத் தரை. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை போகாது. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். முன்னறையின் கிழக்கு மூலையில் முருகன் படம், அதற்குக் கீழே ஒரு பலகை. பலகையில் விளக்கு, திருநீற்று மடல். அவற்றோடு என் பால் கத்தியையும் வைப்பேன். நாள்தோறும் குளித்துவிட்டு வந்து கத்தியைத் துடைத்து முருகன் காலடியில் வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும். சோறு போடுகிற கத்தி. கத்தி பக்கத்திலேயே, மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் வடியும் பால் உறைந்து போகாமல் இருக்கச் சொட்டு விடுகிற மருந்து பாட்டிலும் இருக்கும். அமோனியா மருந்து. துணி அடைத்த சின்ன பாட்டில். அதுவும் வெட்டுச் சாமான்தானே என்று சேர்த்தே வைப்பேன். ஆயுத பூஜையை மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் செய்கிறார்கள், நான் தினமும் செய்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முயல்கள் வந்த அன்றே தரையெல்லாம் புழுக்கை. மண்ணெண்ணெய் டின் வரும் பலகைப் பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்வாக்கி, அடுப்படி மூலையில் வைத்தேன். உள்ளே அடுப்புச் சாம்பலைக் கொட்டினேன். குழந்தை அசிங்கம் பண்ணினால் சாம்பல்தானே போடுவோம். முயல்கள் பெட்டிக்குள் போயின, புரண்டன, வெளியே வந்து வீடு முழுவதும் நடந்தன. பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து தரையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

“என்னா தங்கச்சி, உன் வீட்டுல இன்னைக்குக் கிருஷ்ண ஜெயந்தியா? வாசல்லேர்ந்து அடுப்படி வரைக்கும் பாதம் போட்டு வச்சிருக்கே.”

சாம்பலை எடுத்துவிட்டுக் காய்ந்த லாலாங் புல் போட்டேன். அதிலும் அவை போகவில்லை. நான் செய்யாதது ஒன்றும் இல்லை. காலையில் ஒரு முறை, வெட்டு முடிந்து வந்து ஒரு முறை பெட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சவுக்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தேன். தவுக்கே சூச்சி என்று சொல்லியிருக்கிறாரே. பெட்டி சந்தனப் பலகை போல் மணந்தது. முயல்கள் அதைச் சுற்றிப் போய்க் கதவு இடுக்கில் வெளிக்கு இருந்துவிட்டு வந்தன.

இதெல்லாம் கூட்டிப் பெருக்குகிற வேலை, பெரிதில்லை. வெள்ளை முயல் செய்தது வேறு. அது பலகைப் பக்கம் போய் முன்னங்கால்களை ஊன்றி, மோவாயைப் பலகை விளிம்பில் வைத்து இப்படியும் அப்படியும் தேய்க்கும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அடி ஆத்தா, தலை வச்சுக் கும்புடுதுடி!” என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் இந்தச் செய்தி சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை வரைதான். விளக்கேற்றப் போனேன். வெள்ளை முயல் எனக்கு முன்னால் ஓடி, பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, வாலைத் தூக்கிப் பீய்ச்சி அடித்தது. பலகை, கத்தி, சுவர், படத்தின் கீழ்ச் சட்டம் எல்லாம் நனைந்தன. நாற்றம் கண்ணில் நீர் வர வைத்தது. படத்தை இறக்கித் துடைத்து, பலகையைக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, மறுபடி குளித்து, அதற்கப்புறம் விளக்கேற்றினேன். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. நான் எவ்வளவுக்கு எவ்வளவு மஞ்சள் நீர் தெளித்தேனோ அவ்வளவுக்கு அவ்வளவு அது வந்து அடித்தது.

“கும்புடுதுன்னியே,” என்றார் என் வீட்டுக்காரர். “இது என்ன, அபிஷேகமா?”

நான் மஞ்சள் நீர்ச் சொம்பை எடுத்தேன்.

“இந்தாடி, நான் ஒண்ணும் பேசக் கூடாதுன்னுதான் இருந்தேன். மனுஷன் மூஞ்சில அடிச்சாக்கூடப் பரவாயில்ல. வர்ற கிருத்திகை வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் சாமி மூலையில அடிச்சுதுன்னா மறுநாள் அது சட்டியில.”

“முருகன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“அந்த முருகன் மேலதானே அடிக்குது!”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம். சத்தியத்தைக் காப்பாற்ற முயலை வைத்துக்கொண்டால் சத்தியம் வாங்கிய சாமிக்கு அசிங்கம். சாமிக்கு அசிங்கம் வேண்டாம் என்று முயலை அனுப்பினால் சாமி பேரில் சொன்ன வார்த்தை பொய். காலையில் திருநீறு பூசும்போது, ‘முருகா, இதை நீயே தீர்த்து வை, எனக்கு அறிவு இவ்வளவுதான்’ என்று சொல்லிவிட்டு வெட்டுக்குப் போவேன். திரும்பும்போது சாக்கில் புல் அறுத்து வருவேன். வேலி வாசலில் காவல்காரன் சாக்குக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பான். வெளியே போகும் சோற்றைத் தேட வேண்டியவன், உள்ளே வரும் புல்லில் என்னத்தைத் தேடினானோ.

கிருத்திகைக்கு முன்னால் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். சமையல், முயல் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் மருந்து பாட்டில் வெட்டுக்காட்டில் உடைந்து போயிருந்தது. நான் எழுந்து வருகிறவரை என் பாட்டிலை அவள் வாங்கிக்கொண்டு போனாள். அவர் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார். முயல் பெட்டியை மட்டும் தொடவில்லை.

“ஏங்க, பெட்டியைக் கழுவி வைங்களேன். நாறுது.”

“உனக்குக் கழுவினாலும் பரவாயில்ல, உடம்பு சரியில்லாதவ. முயலுக்கு என்னால முடியாது லா.”

புல்லைக்கூட அவர் தனியாக வைக்கவில்லை. குனியச் சோம்பல்பட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒரு பக்கமாக விட்டெறிந்துவிட்டுப் போய்விடுவார். நான் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெட்டை பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து புல்லைத் தின்றது. தின்னும்போதே அங்கேயே புழுக்கையும் போட்டது. பிறகு வெள்ளையும் ஏறியது. காய்ச்சல் விடுவதற்குள் இரண்டும் வேறெங்கும் போவதை விட்டுவிட்டன. பழைய புழுக்கையும் பழைய வாடையும் கிடந்த இடத்தைத்தான் அவை தங்கள் இடம் என்று எடுத்துக்கொண்டன. நான் கழுவக் கழுவ அதைத்தான் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் சுத்தத்தால் ஆகாதது அவர் சோம்பலால் ஆனது. அதை அவர் வெகுநாள் சொல்லிக் காட்டினார்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் படுத்திருந்த நாளெல்லாம் வெள்ளை முயல் பலகையில் மோவாயைத் தேய்த்ததே தவிர, பீய்ச்சவில்லை. முருகன் கேட்டுவிட்டான் என்று நினைத்தேன். காய்ச்சல் விட்டு, அக்காவிடமிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். குளித்துவிட்டு வந்து கத்தியையும் பாட்டிலையும் காலடியில் வைத்தேன். நான் திரும்புவதற்குள் அடித்துவிட்டது.

“நீ வேலைக்குப் போறது அதுக்குப் புடிக்கல தங்கச்சி,” என்றாள் அக்கா. “கோவத்துல பண்ணுது.”

அப்படியும் இருக்கலாம் என்று நம்பினேன். முயலுக்கு முன்னால் உட்கார்ந்து, வேலைக்குப் போகாவிட்டால் பங்கீட்டு அரிசி வாங்க முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அது காதைச் சொறிந்துகொண்டது.

கிருத்திகை வந்தது. பங்கீட்டில் மிச்சம் பிடித்த அரிசியில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். பலகையில் பொங்கல், வாழைப்பழம், தேங்காய், பூ எல்லாம் வைத்ததும் இடம் நெருக்கடியாகிவிட்டது. கத்தியைக் காலடியில் வைத்துப் பொட்டிட்டேன். பாட்டிலுக்கு இடம் இல்லை. அதை வாசற்படிக்கு உள்ளே, சுவரோரமாக வைத்தேன். முயல்களைக் கூடையில் போட்டு மூடப் போனேன்.

“மூடாத,” என்றார் அவர். “அவுத்து விடு. சாமி இருக்கு, நாமளும் இருக்கோம். இன்னைக்குப் பாத்துருவோம்.”

அவர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று தெரிந்தது. கூடை மூடியைக் கீழே வைத்தேன். அக்காவும் வந்து உட்கார்ந்திருந்தாள். சூடம் கொளுத்தினேன்.

வெள்ளை முயல் கூடையிலிருந்து இறங்கியது. பலகைக்குப் போனது. மோவாயை விளிம்பில் வைத்துத் தேய்த்தது. பொங்கலை முகர்ந்தது. கத்தியை முகர்ந்தது. நான் ‘முருகா, முருகா’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது அங்கிருந்து திரும்பி மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. நேராக எங்கள் நடுவில் புகுந்து வாசற்படிக்கு ஓடியது. பாட்டிலை ஒரு சுற்றுச் சுற்றியது. முதுகைக் காட்டி நின்று, பாட்டில் மேல் பீய்ச்சி அடித்தது.

அவர் எழுந்து போய்ப் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். பிறகு முயல் பெட்டிக்குப் போய் அதையும் குனிந்து முகர்ந்தார். மறுபடி பாட்டிலை முகர்ந்தார்.

“அடியே, ரெண்டும் ஒரே நாத்தம்டி!”

“என்னாங்க சொல்றீங்க?”

“உன் பால் மருந்தும் முயல் மூத்திரமும் ஒரே வாடை. அதுக்கு முருகன்கிட்ட என்ன வழக்கு? உன் பாட்டிலுக்குள்ள வேற ஒரு கடா முயல் ஒளிஞ்சிருக்குன்னு இத்தனை நாளா சண்டை போட்டுக்கிட்டு இருக்கு. நீ என்னடான்னா அதைத் தெனமும் கொண்டாந்து சாமி காலடியில நடுவீட்டுல வைக்கிறே!”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். “தெனமும் ஆயுத பூஜை பண்றாளாமே. இனிமே பாட்டிலுக்கு ஒரு மாலையும் போடு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. சூடம் அணைந்து போயிருந்தது. இன்னொன்று கொளுத்தினேன். பொங்கலை முதலில் அவருக்குக் கொடுத்தேன். அவர் தின்றுகொண்டே, “சட்டியைக் கழுவி வச்சிரு. முயலுக்கு வேணாம். நாளைக்குக் கீரை வை,” என்றார்.

அன்றிலிருந்து பாட்டிலுக்கு வெளியே படிக்கட்டின் அடியில் இடம். கத்தி மட்டும் உள்ளே வரும். வெள்ளை முயல் அதன் பிறகு எப்போதாவது கதவோரம் ஒரு தரம் அடிக்கும், முக்கியமாக அக்கா வீட்டுக்காரர் மருந்து வாடையடிக்கும் வெட்டுக் காற்சட்டையோடு உள்ளே வந்துவிட்டால். சாமி மூலைக்குப் போகவே இல்லை. பெட்டியில் அழுக்கானதை மட்டும் வாரிக் கொட்டி, அடியில் ஒரு பிடிப் பழைய புல்லை விட்டுவைத்துப் புதுப்புல் போடுவேன். எனக்கு அது பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. கை தானாகச் சவுக்காரத்தைத் தேடும்.

தவுக்கே வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. வேலி இருந்தது, ஆனால் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது. கையில் பாஸ் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்தார். இளைத்திருந்தார். வேலி வாசலில் காவல்காரன் என்னைக் கூப்பிட்டு, தெரிந்த ஆள்தானா என்று கேட்டுவிட்டு உள்ளே விட்டான்.

கிழப் பெட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவர் சீனத்தில் என்னவோ பேசினார். வெள்ளை முயல் வந்து அவர் முழங்காலில் மோவாயைத் தேய்த்தது. பிறகு பலகைக்குப் போய்த் தேய்த்தது.

“பாருங்க தவுக்கே, எங்க சாமியைத் தெனமும் கும்புடுது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் மோவாயைத் தொட்டுக் காட்டினார். “கும்பிடு இல்ல தங்காச்சி. இங்க வாசனை இருக்கு. தேய்க்கும், சொல்லும்: இது என்னோடது. என் பெட்டி. என் காலு. என் வீடு.”

“அப்ப சாமி?”

“சாமியும் அவனோடது லா.”

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கு அது தப்பாகப் படவில்லை. நானும் அப்படித்தானே சொல்கிறேன், என் முருகன் என்று.

தவுக்கே அடுப்படிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. “நல்லா இருக்கு! நான் அன்னைக்குச் சொன்னேன். ஜாங்கான் சூச்சி. கழுவாதே. நீ கேட்டது.” சொல்லிவிட்டு இரண்டு கையையும் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினார். லாரியில் ஏறியபோது ஆட்டிய அதே ஆட்டம்.

ஜாங்கான் என் காதில் விழவே இல்லை என்று அவரிடம் சொல்லவில்லை. முயல்களைக் கூடையில் வைத்தேன். படத்துக்கு முன்னால் நின்று, ‘முருகா, கொடுத்த வாக்கு முடிந்தது’ என்று சொல்லிவிட்டு, கூடையை அவர் கையில் கொடுத்தேன். அவர் சைக்கிளைத் திருப்பியபோது எனக்கு ஒன்று தோன்றியது. புது வீட்டில் இவை மறுபடி இடம் தெரியாமல் அலையுமே. உள்ளே போய்ப் பெட்டியை அப்படியே தூக்கி வந்தேன். புல்லோடு, புழுக்கையோடு, நாற்றத்தோடு. வீட்டுக்கு வந்த மனிதருக்கு நான் அதற்கு முன்னால் இப்படி எதையும் கழுவாமல் கொடுத்தது இல்லை. அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டார்.

வேலி வாசல் வரை கூடவே போனேன். காவல்காரன் கூடையைத் திறந்து பார்த்தான், விட்டான். பெட்டியில் சோறு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறோமோ என்று புல்லுக்குள் கையை விட்டான். விட்ட வேகத்தில் எடுத்தான்.

“பூசோக்!” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டான். பக்கத்திலிருந்த குழாயைக் காட்டி, “சூச்சி! சூச்சி லா!” என்று கத்தினான்.

“ஜாங்கான்!” என்றார் தவுக்கே.

“ஜாங்கான்!” என்றேன் நானும்.

இரண்டு பேரும் கையைக் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டினோம். அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். போய்த் தொலையுங்கள் என்பது போல் தடையைத் தூக்கினான். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாதையில் இறங்கினார்.